ரெண்டு மூணு என்றால் எத்தனை

எனக்கு ஜப்பான் மொழியும் சீன மொழியும் தெரியும் என்ற வதந்தி சித்தூர் முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவன் நான்தான். மலேயாவிலிருந்து கப்பலேறி வந்தவனிடம் தங்கச் சங்கிலி இருக்கும், கைக்கடிகாரம் இருக்கும் என்று ஊர் எதிர்பார்க்கும். என்னிடம் ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் சிரங்கும் இருந்தன. கௌரவத்துக்கு ஏதாவது வேண்டாமா? டீக்கடையில் உட்கார்ந்து ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை எடுத்துவிடுவேன். நம் ஊரில் நாலு பேர், நாலு இடம், நாலு காசு என்று எதைச் சொன்னாலும் அது நாலாக இருக்காது. என்னுடைய நாலு வார்த்தை மட்டும் அநேகமாக நாலேதான்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்து ஆண்டபோது, அரிசிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். வரிசையில் நிற்கிறவன் காதில் என்ன வார்த்தை விழும்? சுகோஷி என்றால் கொஞ்சம். தக்சான் என்றால் நிறைய. மோ சுகோஷி என்றால் இன்னும் கொஞ்சம். அது நாங்கள் சொல்வது. அதற்கு அவர்கள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. யுத்தம் முடிந்ததும் ஒரு சீனர் மளிகைக் கடையில் மூட்டை தூக்கினேன். அங்கே சியு சியு என்றால் கொஞ்சம், ஹோ தோ என்றால் நிறைய, ச்சா-ம்-தோ என்றால் ஏறக்குறைய. பத்துக்கு மேல் இருபதுக்குள் எதுவாக இருந்தாலும் முதலாளிக்கு அது சப்-கேய், பத்துச் சொச்சம். மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருக்கும் எழுத்துகளில் கொஞ்சம், நிறைய, எட்டு, நூறு என்று ஒரு கைப்பிடி எனக்கு அடையாளம் தெரியும். ஆக, உலகத்தின் இரண்டு பெரிய மொழிகளில் என் பாண்டித்தியம் முழுவதும் கொஞ்சம், நிறைய, சொச்சம், சுமார். மழை என்றோ மரம் என்றோ சொல்லத் தெரியாது. வணக்கம் கூடத் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் விவசாய ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து புதுசு. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எந்தப் பக்கம் போகும் என்று தீராமல் கிடந்தது. என் ஆபீசர் கடலோர ஜில்லாவிலிருந்து வந்த தெலுங்கர், நல்ல மனுஷர், எதையும் உடனே நம்புகிறவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏமய்யா, நீக்கு ஜப்பான் பாஷ வச்சண்ட கதா?" என்றார். உனக்கு ஜப்பான் பாஷை வருமாமே என்று கேட்கிறார். டீக்கடைப் புகழ் மாடியேறி வந்துவிட்டது.

"கொஞ்செம் சார்," என்றேன்.

அடக்கத்துக்காக எல்லாரும் சொல்கிற கொஞ்சம் அது. நான் சொன்னதோ சத்தியமான கொஞ்சம். அவர் அதை அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அதற்கும் மதிப்பில்லை.

விஷயம் இதுதான். அப்போது ஜப்பான் முறை நெல் சாகுபடி என்று எங்கும் பேச்சு. விதை கொஞ்சம் போதும். மேட்டுப் பாத்தியில் நாற்று விட்டு, கயிறு கட்டி வரிசையாக, ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைத்து நட வேண்டும். அதைச் செய்து காட்ட ஒரு ஜப்பான்காரர் வருகிறார். அவருடைய இங்கிலீஷ் என்னுடைய ஜப்பானிய மொழியின் தரத்தில் இருக்கிறதாம். எனவே நான் துபாஷி. இன்னொன்றும் வேண்டும் என்றார் ஆபீசர்: ரோட்டோரமாக ஒரு கழனி, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வடமாலபேட்டைக்குப் பக்கத்தில். திருப்பதியிலிருந்து மதராஸ் போகிற ரோட்டை ஒட்டியே அவர்கள் கழனி. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னாடா சொல்றான் உன் ஆபீசரு?" என்றாள் அக்கா. "இம்மாந்துண்டு வெதைல முழுக் கழனியும் நட்டுட முடியுமா?"

"ஜப்பான்ல அப்படித்தான்க்கா நடறாங்க."

"ஜப்பான்ல எலி இல்லியா? கோழி இல்லியா?"

"மாமா, நீங்க சொல்லுங்க," என்று அக்கா புருஷனைப் பார்த்தேன்.

மாமா எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருப்பவர். "பாத்துக்கலாம் மச்சான்," என்றார். அதற்குச் சம்மதம் என்றும் அர்த்தம், தூக்கம் வருகிறது என்றும் அர்த்தம்.

முந்தைய வருஷம் ஏரி நிரம்பவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் விதைநெல் மட்டும்தான். ஆபீசர் சொன்ன அளவைப் பாத்தியில் தெளித்துவிட்டு மிச்ச விதைநெல்லைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் பசி அடங்குமா? குத்திப் பொங்கித் தின்றுவிட்டார்கள். இனி அந்தச் சின்னப் பாத்தி நாற்றுதான் எல்லாம். அது தப்பினால் திரும்ப விதைக்க ஒரு மணி கிடையாது, கடையில் வாங்கக் கையில் ஒன்றும் கிடையாது. நான் போகும்போதெல்லாம் அக்கா பாத்தியைக் காட்டி, "இது மட்டும் வரலன்னு வச்சிக்கோ, உன் ஆபீஸ் வாசல்ல வந்து குந்திக்குவேன். தை மாசம் அங்கதான் எனக்கும் உங்க மாமாவுக்கும் சோறு," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கண் சிரிக்காது.

நாற்று வளர்கிற சமயத்தில் ராஜ்ய எல்லைக்குக் கணக்கெடுக்கிறவர்கள் வேறு வந்து போனார்கள். தமிழ்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் அக்காவிடம், "உங்க வீட்ல தமிழ் பேசறவங்க எத்தனை பேரம்மா?" என்றார். "எல்லாருந்தான்," என்றாள். "எல்லாரும்னா?" "அதான், நாலு பேரு." அவர் போனதும் தெலுங்குப் பக்கத்து ஆள் வந்து அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டார். அக்கா அதே பதிலைத் தெலுங்கில் சொன்னாள். அந்த வீட்டில் இருப்பது அவளும் மாமாவும் மாமாவைப் பெற்ற கிழவரும். "நாலாவது ஆளு யாருக்கா?" என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு நாலு பேரு வந்து போக மாட்டாங்களா?" என்று சீறினாள். எந்த ராஜ்யத்தை எங்கே வெட்டுவது என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள் என்று நினைத்ததும் எனக்குத் தலைசுற்றியது.

ஜப்பான்காரர் வந்தார். குள்ளம், துணித்தொப்பி, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த ரப்பர் ஜோடு. எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். ஆபீஸ் வாசலில் கட்டியிருந்த எருமைக்கும் ஒன்று கிடைத்தது. சித்தூரிலிருந்து திருப்பதி பஸ்ஸில் அவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அவர் ஜப்பானிய மொழியில் நீளமாக என்னவோ கேட்டார். "சுகோஷி," என்றேன். சந்தோஷமாகச் சிரித்து, மேலும் நீளமாகக் கேட்டார். "தக்சான்," என்றேன். புத்தலப்பட்டு வருவதற்குள் என் சரக்கு தீர்ந்துவிட்டது. மனுஷர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. ரோட்டோரக் காய்கறிக் கடையைக் காட்டி, தன் உள்ளங்கையில் விரலால் எழுதினார். சீனர் கடை மூட்டையில் பார்த்த எழுத்துகள். எட்டு, நூறு. அரைகுறை இங்கிலீஷில் சொன்னார்: அவர்கள் ஊரில் காய்கறிக் கடைக்கு எண்ணூறு கடை என்று பேராம். எண்ணிப் பார்த்து வைத்த பேர் இல்லை, ஏகப்பட்டது இருக்கிறது என்று அர்த்தமாம். கையை விரித்து ஆட்டிக் காட்டினார். எனக்கு முதன்முதலாக அவர்மேல் ஒரு சொந்தம் தோன்றியது. கூடவே பயமும் தோன்றியது. நம்மைப் போலவே இவர்களும் எண்ணாமல் எண் சொல்கிறவர்கள் என்றால், நாளைக்குக் கழனியில் இவர் சொல்வதை நான் எப்படி நம்புவது?

ஆனால் கழனியில் அவர் துல்லியமாகத்தான் இருந்தார். கயிறு கட்டினார். கால்சட்டையை மடக்கிச் சேற்றில் இறங்கினார். இரண்டு விரலைக் காட்டினார், பிறகு மூன்று. "நி, சான்," என்றார். நாற்றைப் பிரித்து, இரண்டு மூன்றாக எடுத்து, ஊசி குத்துவதுபோல் சேற்றில் நட்டுக் காட்டினார். நடவுக்கு வந்திருந்த பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மாள், வெற்றிலை போட்ட வாய், யாருக்கும் அடங்காத குரல்.

"இன்னா சொல்றாரு சப்பான் சாமி?" என்றாள் என்னிடம்.

"ஒரு குத்துக்கு ரெண்டு மூணு நாத்து வைக்கணுமாம்."

"ரெண்டா, மூணா?"

"ரெண்டு மூணு."

"அதான் தம்பி, ரெண்டா மூணா?"

ஜப்பான்காரரிடம் திரும்பினேன். என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "சுகோஷி?" அவர் பலமாகத் தலையாட்டினார். "சுகோஷி, சுகோஷி." எனக்குத் தெளிவாக்குவதற்காக வரப்புச் சேற்றில் விரலால் ஓர் எழுத்தும் எழுதினார். கொஞ்சம் என்கிற சீன எழுத்து. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சமா வைக்கணுமாம்," என்றேன்.

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று அந்த அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஆபீசரும் தன் பங்குக்கு, "ரெண்டு மூடு பெட்டண்டம்மா," என்று தெலுங்கில் ஒரு தடவை சொன்னார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். ஒழுங்காகத்தான் வைத்தார்கள். நாங்கள் வரப்பில் நிற்கிற வரைக்கும்.

பிறகு புங்க மரத்தடியில் சாப்பிடப் போனோம். ஆபீசர் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை ஜப்பான்காரர் கண்ணில் நீர் வரத் தின்றார். திரும்பி வந்தபோது பாதிக் கழனி பச்சைப் பசேலென்று நின்றது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பச்சை வருமா என்று எனக்கே பெருமை. அப்போது நாற்றங்கால் பக்கத்திலிருந்து மாமா நடந்து வந்தார். கையில் கடைசிக் கட்டு நாற்று.

"மச்சான், அம்மாந்தான்," என்றார்.

"எது அம்மாந்தான்?"

"நாத்து. தீந்துடுச்சி."

மீதிப் பாதிக் கழனி வெறும் சேறாக வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அக்கா வரப்பில் நின்றிருந்தாள். வெறும் சேற்றை முனையிலிருந்து முனைவரை கண்ணால் அளந்தாள். அவள் திட்டினால் நான் பிழைத்துக்கொள்வேன். அளந்தால்தான் ஆபத்து.

ஜப்பான்காரர் சேற்றில் இறங்கி ஒரு குத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். அடுத்த குத்து. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் கத்தையாக நாற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ரெண்டு மூணுதானே வைக்கச் சொன்னேன்!" என்று நான் கத்தினேன்.

"ரெண்டு மூணுதான் வச்சோம்," என்றாள் தலைவி நிதானமாக. "கூட நண்டுக்கு ஒண்ணு. அழுகிப் போறதுக்கு ஒண்ணு. பூமாதேவிக்கு ஒண்ணு."

"நண்டுக்கு யாரு வைக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? வெறும் ரெண்ட வச்சிட்டுப் போனா பூமாதேவி இன்னா நெனப்பா? பிச்ச போட்டுட்டுப் போறாங்கன்னு நெனக்க மாட்டாளா? எண்ணிப் போட்டா எண்ணித்தான் குடுப்பா."

"இவ்வளவு வருஷமா அப்படித்தான் நடறோம்," என்றாள் இன்னொருத்தி. "சப்பான்ல பூமி வேற பூமியா?"

ஆபீசர் என் தோளைத் தொட்டு, "ஏமய்யா, ஏமண்டுன்னாரு?" என்றார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார். நண்டைத் தெலுங்கில் சொன்னேன். அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

ஜப்பான்காரர் மட்டும் உட்காரவில்லை. ஒரு குத்திலிருந்து அதிகப்படி நாற்றை மெதுவாக உருவி எடுத்து, வெறும் சேற்றில் நட்டுக் காட்டினார். இப்படிப் பிரித்து எடுத்தால் மீதிப் பாதிக்கும் வந்துவிடும். எனக்கு உயிர் வந்தது. "எல்லாரும் அப்படிச் செய்யுங்க," என்று பெண்களைப் பார்த்துக் கைதட்டினேன்.

ஒருத்தியும் அசையவில்லை.

"நட்ட கையால புடுங்க மாட்டோம்," என்றாள் தலைவி. "கட்டிக் குடுத்த பொண்ண அன்னிக்கே திரும்ப இட்டுக்கினு வர்றதா? உங்க வீட்ல செய்வியா தம்பி?"

"அம்மா, இது நெல்லு!"

"நெல்லுதான். நீ துன்றது வேற இன்னா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இருபது வரிசைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் மதராஸ் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, ஜன்னல் முழுக்கத் தலைகளோடு எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஆபீசர் ஆசைப்பட்டபடி ரோட்டோரக் கழனி, எல்லாரும் பார்க்கிறார்கள்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "நட்ட கைதானே புடுங்கக் கூடாது? நடாத கை எதெல்லாம் இருக்குது இங்க?"

எல்லாரும் சுற்றிலும் பார்த்தார்கள். மாமா, நான், ஆபீசர். ஜப்பான்காரர் ஏற்கெனவே நட்டும் உருவியும் காட்டிவிட்டவர், அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஆம்பளைங்க புடுங்கட்டும். பொம்பளைங்க அந்தாண்ட நடட்டும்," என்றாள் அக்கா.

ஆபீசருக்கு நான் சொல்வதற்குள் அவளே அவர் முன்னால் போய் நின்று தெலுங்கில் சொன்னாள். இந்தப் பாதி காலியாகக் கிடந்தால் தை மாசம் என் வீட்டு அடுப்பு எரியாது சார், வேறு விதை இல்லை, உங்கள் பேச்சை நம்பித்தான் தின்றோம். கெஞ்சலாக இல்லை, கடைக்காரனிடம் பாக்கிச் சரக்கைக் கேட்கிற மாதிரி. ஆபீசர் எழுந்து, இஸ்திரி போட்ட கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.

குனிந்து நாற்று உருவுவது எப்படிப்பட்ட வேலை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இடுப்பு என்று ஒன்று எனக்கு இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. நான் ஒன்றை இழுத்தால் குத்தோடு வந்தது. "மெதுவா தம்பி, பொண்ணு மயிரப் புடிச்சி இழுக்கறான் பாரு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "சித்தூர் ஆபீஸ்ல பேனா புடிக்கறவன்டி, இடுப்பு புடிச்சிக்கும்!" என்று இன்னொன்று. ஆபீசர் ஒரு தடவை பின்பக்கமாக உட்கார்ந்தார். அவர் எழுந்ததும் பெண்கள் சேர்ந்து குலவையிட்டார்கள். ஜப்பான்காரர் சிரிப்பை அடக்கத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாதி தூரம் வந்து நிமிர்ந்து பார்த்தேன். உருவிக் கொடுத்த நாற்றை அந்தப் பக்கம் எப்படி நடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தால், கத்தை கத்தையாக. நண்டுக்கு ஒண்ணு. பூமாதேவிக்கு ஒண்ணு. நான் போட்ட கூச்சலில் புங்க மரத்துக் காக்கைகள் எழுந்து போயின.

"கத்தாதடா," என்றாள் அக்கா. தலைவியிடம் போய்ப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசினாள். "குத்துக்குக் குத்து எதுக்கு வைக்கணும்? நண்டுக்கும் பூமாதேவிக்கும் பந்திய தனியா போட்டுடலாமே. ஈசானி மூலைல எல்லாத்துக்கும் சேத்து வச்சிடு. இங்க சாமி சொன்னாப்பல ரெண்டு மூணு."

தலைவி வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தாள். பந்தி என்ற வார்த்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. கூட்டத்தில் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை.

"எம்மாம் வைக்கறது?" என்று நான் வாய் தவறிக் கேட்டேன்.

"கை நெறைய," என்றாள், என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து.

வடகிழக்கு மூலையில் ஒவ்வொருத்தியும் கை நிறைய நாற்றைக் கொண்டுபோய் வைத்தாள். அங்கே ஒரு புதரே முளைத்த மாதிரி ஆயிற்று. தங்கள் நாட்டு முறைக்குச் செய்யப்படும் அவமானம் என்று ஜப்பான்காரர் கோபிப்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வந்து பார்த்தார். என்னவோ கேட்டார். எப்படி விளக்குவது? நிலத்தைக் காட்டினேன், மேலே காட்டினேன், நண்டு மாதிரி விரல்களை அசைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, தானும் ஒரு கைப்பிடி நட்டார். அதுவும் கொஞ்சமாக இல்லை.

அதற்குப் பிறகு வரிசைகளில் சரியாக இரண்டு மூன்றுதான் விழுந்தன. பொழுது சாய்வதற்குள் கழனி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அவ்வளவு இடைவெளி விட்டு நட்ட கழனியை அந்த ரோட்டில் யாரும் பார்த்ததில்லை. "நாத்து போதலபோலக்குது, பாவம்," என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அக்காவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்களாம். நாலு பேர் கேட்டார்களாம். எத்தனை பேர் என்று நான் விசாரிக்கவில்லை.

தை மாசம் ஆபீசர் என்னை அனுப்பினார். மகசூல் எத்தனை மூட்டை என்று மேலே தெரிவிக்க வேண்டும். களத்தில் மாமா நெல் அளந்துகொண்டிருந்தார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக் கூடாது என்று "லாபம்" என்றார். அடுத்தது "ரெண்டு". அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. சத்தமாக எண்ணினால் நெல் குறைந்துவிடுமாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்து எண்ண முயன்றேன். நடுவில் அவர் கொட்டாவி விட்டார். அது ஏழா பதினேழா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூலைப் புதரில் வந்தது முக்கால்வாசி பதர். நெருக்கத்தில் நெல்லே பிடிக்கவில்லை. "நண்டுக்கு அது போதும்," என்றாள் தலைவி.

"மாமா, எத்தனைன்னு சொல்லுங்களேன், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பாத்துக்கலாம் மச்சான்."

"அக்கா, நீயாவது சொல்லு. ஆபீசருக்கு நான் இன்னான்னு எழுதறது?"

அக்கா முறத்தை வைத்துவிட்டு வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். போன வருஷம் பார்த்ததற்கு முகம் தெளிந்திருந்தது.

"எழுதிக்கோ. அடுத்த நாத்து விடற வரைக்கும் நான் அரிசிக்குக் கட வாசல் ஏற மாட்டேன். விதைக்குத் தனியா கட்டி வச்சாச்சி. கிழவருக்கு ரெண்டு வேள சோறு ஆன எடத்துல மூணு வேள ஆவுது. போதுமா?"

"போதும்க்கா. ஆனா எத்தனை மூட்டை?"

"இவன் ஒருத்தன்!" என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள்.

"டேய், வர்ற வருசமும் அந்த சப்பான்காரர வரச் சொல்லு. அதே கழனிதான், அதே மாதிரிதான் நடப் போறேன். பாஷ தெரிஞ்சவன் எவனாவது இருந்தா அவன இட்டுக்கினு வரச் சொல்லு. நீ வராத."